மஞ்சக்குட்டைக்கு வந்த ஒல்லாந்தர்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் டச்சுக்காரர்களைப் போலப் பாவப்பட்ட ஜென்மம் வேறு கிடையாது. போர்ச்சுகீசியர்களுக்கு வாஸ்கோ ட காமா இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களுக்கு டூப்ளே இருக்கிறார். ஆங்கிலேயர்களுக்கு மீதிப் புத்தகம் முழுவதும் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட டச்சுக்காரர்களுக்கு அரைப் பக்கமும் ஒரு 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வும்தான். பழவேற்காட்டில் அவர்கள் கட்டிய கோட்டையின் பெயர் என்ன? கெல்டிரியா. ஒரு மார்க். அதோடு தீர்ந்தது கணக்கு. தரங்கம்பாடிக்கு வந்த டேனியர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் பட்டதாரிகளிலும் நிறைய உண்டு. (டச்சுக்காரர் நெதர்லாந்து, டேனியர் டென்மார்க். இரண்டு பெயரும் 'ட'வில் தொடங்குவது அவர்கள் குற்றமில்லை.)

இந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியை பட்ட பாடுதான் இந்தப் பதிவு.

ஏற்காடு வட்டத்தில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியை சேலத்துக்காரர். தினமும் காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, சாயங்காலம் அதே இருபதையும் இறங்குகிறவர். பேருந்தில் பாதிப் பேர் வாந்தி எடுக்காமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் புத்தகம் படித்துக்கொண்டு வருவாராம். அதுவே ஒரு சாதனை.

2023 ஜூலை. மலையில் பனிமூட்டமும் தூறலும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாற்றின் முதல் பாடம் 'ஐரோப்பியர்களின் வருகை'. (வருகை! ஏதோ மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து இறங்கியது மாதிரி.) வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பெரும்பாலும் மலையாளிப் பிள்ளைகள். கேரளத்து மலையாளி இல்லை, இந்த சேர்வராயன் மலையை ஆண்டு வாழ்கிற மலையாளிப் பழங்குடி. மீதிப் பேர் எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கடலை நேரில் பார்த்தவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கியது நாலு பேர். அவர்களுக்குக் கப்பல், கோட்டை, துறைமுகம் என்று சொன்னால் எங்கே ஒட்டும்?

அதனால் அவர் கப்பலில் ஆரம்பிக்கவில்லை. கரும்பலகையில் பெரிதாக 'துட்டு' என்று எழுதினார்.

"இது என்ன பாஷை?"

"தமிழ்தான் டீச்சர்."

"இல்ல. டச்சு. அவங்க ஊர்ல சின்ன செப்புக் காசுக்கு டைட்-னு பேரு. அதுதான் நம்ம வாயில துட்டு ஆச்சு."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொரு வார்த்தையும் இருக்கிறது என்றவர், 'கக்கூஸ்' என்று எழுதினார். அவ்வளவுதான். அடுத்த ஐந்து நிமிஷத்துக்குப் பாடம் நடத்த முடியவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட டச்சுக்காரரையும் டேனியரையும் குழப்பிக்கொள்ளவில்லை. தாத்தாக்கள் காலத்துப் புத்தகங்களில் 'ஒல்லாந்தர்' என்று வருமே, அவர்களும் இவர்கள்தான் என்பதையும் சொல்லிவைத்தார்.

"அவங்க நம்ம மலைக்கு வந்தாங்களா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி.

வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது கடற்கரை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் நிழலில் நனைந்துகொண்டிருந்த காப்பிச் செடிகளுக்கும் அவர்களுக்கும் ஒரு உறவு உண்டு. காப்பி அரபு நாட்டுச் சரக்கு. பாபா புதன் என்பவர் ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று ஒரு கதை. டச்சுக்காரர்கள் 1696ல் மலபார் கரையிலிருந்து காப்பி நாற்றுகளை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் தடவை வெள்ளத்தில் போய்விட்டது. 1699ல் மறுபடி கொண்டுபோனார்கள், பிடித்துக்கொண்டது. ஜாவாவில் வளர்ந்த ஒரு செடி 1706ல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அதன் வாரிசு ஒன்று 1714ல் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயிக்குப் பரிசு. அந்தச் செடிகளின் பிள்ளை, பேரன்கள் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துக்குப் போயின. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் டச்சுக்காரர் இல்லை, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். நேரடி உறவு இல்லைதான், ஒன்றுவிட்ட பங்காளி உறவு. எஸ்டேட்டில் பழம் பறிக்கிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் கம்பெனி. நாடு பிடிக்க ராஜா வருவான், சரி. கம்பெனி எப்படி வரும்? இதுதான் பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை. ஆசிரியை மகளிர் குழுவைச் சொன்னார். இருபது அம்மாக்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு தொழில் செய்கிறார்கள் அல்லவா? 1602ல் ஆம்ஸ்டர்டாமிலும் மற்ற ஊர்களிலும் அதையே பெரிய அளவில் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் பங்கு போடலாம். மொத்தம் 64 லட்சம் கில்டர் சேர்ந்தது. கம்பெனியின் இயக்குநர் ஒருவர் வீட்டில் வேலை செய்த பெண்ணே 100 கில்டர் போட்டிருக்கிறாள். ஒரு வித்தியாசம் உண்டு. மகளிர் குழுவிடம் பீரங்கி கிடையாது. இந்தக் கம்பெனி படை வைத்துக்கொள்ளலாம், கோட்டை கட்டலாம், ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது.

அவர்களுக்கு எதற்குப் பழவேற்காடு? துணிக்காக. ஜாதிக்காயும் கிராம்பும் இந்தோனேசியத் தீவுகளில் விளைந்தன. அங்கே இருந்தவர்கள் ஐரோப்பியச் சரக்கு எதையும் சட்டை செய்யவில்லை. அவர்கள் ஆசைப்பட்டது சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் போட்ட துணிக்கு. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலா வாங்கி, ஐரோப்பாவில் விற்பது. 1610ல் விஜயநகர அரசர் வெங்கடரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் உட்கார்ந்தார்கள். 1612ல் போர்ச்சுகீசியர் வந்து அடித்து நொறுக்கினார்கள். 1613ல் கோட்டை எழும்பியது. 1690 வரைக்கும் இந்தக் கரைக்கே அதுதான் தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போனது.

இந்த இடத்தில்தான் ஆசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. 1609ல் இதே கம்பெனி ஹென்றி ஹட்சன் என்கிற ஆங்கிலேயரைக் கூலிக்குப் பிடித்து, ஆசியாவுக்குக் குறுக்கு வழி தேடச் சொல்லி 'அரை நிலா' என்ற கப்பலில் அனுப்பியது. மனிதர் சொன்ன வழியை விட்டுவிட்டுப் போய் அமெரிக்காவில் ஒரு ஆற்றுக்குள் நுழைந்தார். இன்றைக்கு நியூயார்க் நகரத்தை ஒட்டி ஓடுகிற ஹட்சன் ஆறு. பழவேற்காட்டில் கோட்டை, ஹட்சன் ஆற்றங்கரையில் ஊர், இரண்டுக்கும் வேர் அந்த ஒரே கம்பெனி! பின்னால் 1621ல் அமெரிக்கப் பக்கத்து வியாபாரத்துக்கென்று மேற்கிந்தியக் கம்பெனி என ஒரு தங்கையை உண்டாக்கினார்கள். அந்தத் தங்கை 1625ல் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் கோட்டை போட்டாள். ஊர் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். நியூயார்க் என்ற பெயரைப் பிள்ளைகள் சினிமாவிலாவது கேட்டிருக்கிறார்கள். ஆக அதையும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். புத்தகத்தில் இந்தப் பாடத்தில் இல்லாத விஷயம்.

சொன்ன விதத்தில்தான் வினை வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையை ஒரு ஜோக்காகவே சொன்னார். இருபத்து நாலு டாலர் பெறுமான பாசிமணியைக் கொடுத்து, அங்கே இருந்த பழங்குடிகளிடம் மன்ஹாட்டன் தீவையே எழுதி வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தீவில் ஒரு வீட்டு மனை கோடிக்கணக்கில் போகும். பாசிமணிக்கு நியூயார்க்கையே வித்துட்டாங்கப்பா!

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "லூசுங்க டீச்சர்" என்றான் ஒருவன். "கிறுக்கனுங்க" என்றான் இன்னொருவன். ஆசிரியையும் சிரித்தார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அதிகம் பேசாத பெண். சத்தம் கொஞ்சம் அடங்கினதும் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"எங்க தாத்தா கிறுக்கரு இல்ல டீச்சர்."

என்ன சொல்கிறாள் என்று ஆசிரியைக்கு விளங்கவில்லை. உன் தாத்தாவை யார் கண்ணு சொன்னா என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அந்த ஊர்க்காரரான இன்னொரு ஆசிரியர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் தாத்தாவுக்கு மேட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மிளகுக் கொடியும் நாலைந்து பலா மரமும். மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது ஒருவரிடம் ஐந்து வருஷத்துக்கு விட்டதாக நினைத்துக் கைநாட்டு வைத்தார். ஐந்து வருஷம் கழித்துப் போனபோது முள்கம்பி வேலி இருந்தது. "வித்துட்டல்ல பெருசு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரில் சிலர் அதற்குப் பிறகு அவரைக் கிறுக்கர் என்று கேலி பேசுவது உண்டு.

அன்று சாயங்காலம் இருபது வளைவும் இறங்கும் வரை ஆசிரியை புத்தகத்தைத் திறக்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தார். படித்ததில் முதலில் தெரிந்தது, தான் சொன்ன கதையில் பாதி கதையே இல்லை என்பது. மன்ஹாட்டன் விற்பனைக்குப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. இருப்பது ஒரே ஒரு கடிதம். பீட்டர் ஸ்காகன் என்ற அதிகாரி 1626 நவம்பர் 5ஆம் தேதி எழுதியது. நியூ நெதர்லாந்திலிருந்து கப்பல் வந்து சேர்ந்தது, நம் ஆட்கள் அறுபது கில்டர் பெறுமானத்துக்குத் தீவை வாங்கியிருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. அதைவிட விவரமாக எழுதியிருப்பது கப்பலில் வந்த தோல் கணக்கைத்தான். பீவர் என்கிற நீர்வாழ் விலங்கின் தோல் மட்டும் 7246. பாசிமணி என்ற பேச்சே அதில் இல்லை. இருபத்து நாலு டாலர் என்பது 19ஆம் நூற்றாண்டில் யாரோ அன்றைய மதிப்பில் போட்ட கணக்கு. பாசிமணியும் பிற்பாடு ஒட்டிக்கொண்டதுதான். ஏமாந்தவனைப் பற்றிய கதை என்றால் அவனை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொல்வதில் உலகத்துக்கே ஒரு சந்தோஷம் போலிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. விற்றவர்களுக்கு அந்தக் கடிதத்தில் பெயர் கிடையாது. டச்சு மொழியில் 'காட்டாட்கள்' என்று பொருள் தரும் ஒரு சொல்தான். அவர்கள் லெனாபே மக்கள். வேட்டைக்கும் மீனுக்கும் சோளத்துக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். அவர்கள் வழக்கத்தில் நிலத்தைக் கொடுப்பது என்றால், நீயும் வந்து இருந்துகொள், நானும் வந்து போவேன், நமக்குள் சிநேகம் என்பது. அதற்கு அடையாளமாகக் கைமாறுவதுதான் பொருள். நிரந்தரமாக வெளியேறுவது என்ற பேச்சே அதில் வராது. டச்சுக்காரர்கள் தங்கள் சட்டப்படி அது கிரயம் என்று எழுதிக்கொண்டார்கள். லெனாபேக்களின் வாரிசுகள் இன்றைக்கு ஓக்லஹோமா, விஸ்கான்சின், கனடாவின் ஒண்டாரியோ என்று எங்கெங்கோ இருக்கிறார்கள்.

மறுநாள் அவர் வகுப்புக்குள் வந்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "நேத்து நான் சொன்னது தப்பு."

ஆசிரியர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளைகள் முழித்தார்கள்.

கையோடு தன் சேலம் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்திருந்தார். கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினார். குத்தகை, போக்கியம், கிரயம். மூன்றுக்கும் வித்தியாசம் என்ன? இதற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியே வரவில்லை. குத்தகை என்றால் வருஷத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாடுபடுவது. போக்கியம் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு நிலத்தை அனுபவிப்பது, பணம் திரும்பி வந்ததும் நிலத்தை விட்டுவிட வேண்டும். கிரயம் என்றால் போனது போனதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பெரியவர்கள் வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

பிறகு பத்திரத்தைப் படித்துக் காட்டினார். நான்கு எல்லை. வடக்கே இன்னாருடைய மனை, கிழக்கே வீதி. மாவடை மரவடை, நிதி நிட்சேபம், சர்வ சுதந்திர பாத்தியம் என்று வரிசையாக வரும் அந்தப் பழைய நடை. அரை சென்ட் பூமியைக் கைமாற்றினாலும் அதில் உள்ள மரம், தண்ணீர், புதையல் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் பத்திரம் எழுதுவார்கள். ஏன் அப்படி? சொல்லாமல் விட்டது யாருக்குச் சேரும் என்று நாளைக்குச் சண்டை வரும்.

"சரி, அந்த அறுபது கில்டர் இந்த மூணுல எது?"

அரை மணி நேரம் விவாதம். கிரயம்தான், பணம் வாங்கிட்டாங்களே என்று ஒரு கட்சி. காலம் எழுதாம போக்கியம் செல்லாது என்று ஒரு பையன் வக்கீல் மாதிரி பேசினான். கடைசியில் பின் பெஞ்சில் இருந்த ஒருவன், முந்தின நாள் 'லூசுங்க' என்றவனே, எழுந்து சொன்னான்: "அவங்க பாஷையில போக்கியம், இவங்க பாஷையில கிரயம் டீச்சர்." இதைவிடத் தெளிவாக இந்த விவகாரத்தைச் சொன்ன புத்தகம் எதுவும் இருக்கிறதா தெரியவில்லை.

மூன்றாவது பெஞ்சுப் பெண் அன்றைக்கும் பேசவில்லை. நோட்டில் மூன்று சொற்களையும் எழுதி, நடுவில் இருந்ததன் கீழே கோடு போட்டுக்கொண்டாளாம்.

1653ல் அந்த ஊரின் வடக்கே ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆங்கிலேயர் தாக்கலாம் என்ற பயத்தில் கட்டியது, கம்பெனியின் ஆப்பிரிக்க அடிமைகள் அதில் உழைத்தார்கள். சுவர் போய் வால் ஸ்ட்ரீட் என்று தெருப் பெயர் மட்டும் நிற்கிறது. சுவர் கட்டியும் பலன் இல்லை. 1664ல் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றபோது கவர்னர் ஸ்டைவசென்ட் ஒரு குண்டும் சுடாமல் ஊரைக் கொடுத்துவிட்டார். நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆனது. 1667ல் பிரெடா ஒப்பந்தத்தில், நியூயார்க்கை ஆங்கிலேயர் வைத்துக்கொள்ள, சூரினாமும் ஜாதிக்காய் விளையும் ரன் என்கிற துக்கடாத் தீவும் டச்சுக்காரர் பக்கம் நின்றன. ஜாதிக்காய் அப்படி ஒரு விலை விற்ற காலம். இந்த இடத்தில் வகுப்பு மறுபடி சிரித்தது. ஆசிரியை தடுக்கவில்லை. இந்தத் தடவை சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய் முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் என்றைக்குப் பாடத்திட்டப்படி கேள்வி கேட்டார்கள்? ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், நாங்களும் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்கன்னுதான் எங்க பாட்டி சொல்லும். அப்ப நாங்களும் குடியேறுனவங்கதான?"

உண்மை. மலையாளிகளின் வழிவழிக் கதையே அதுதான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர், ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்று. அப்படியானால் வந்தவன் யார், இருந்தவன் யார்? ஆசிரியை யோசித்தார். வந்து மரம் வைத்து, சாமி வைத்து, இங்கேயே செத்துப் புதைந்தவர்களும், சரக்கை ஏற்றிக்கொண்டு லாபக் கணக்கை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியவர்களும் ஒன்றா என்று திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் நியூ ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய டச்சுக்காரர்கள் பலரும் அங்கேயே தங்கி, அங்கேயே செத்தார்கள். பழவேற்காட்டிலும் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. "பாட்டிகிட்ட இன்னும் கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். தப்பித்தல்தான். ஆனால் பையன் நிஜமாகவே கேட்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான்.

கல்லறைப் பேச்சு வந்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும். உள்ளே கற்களில் 17ஆம் நூற்றாண்டுப் பெயர்கள், தேதிகள், குடும்பச் சின்னங்கள் எல்லாம் செதுக்கியிருக்கும். செல்போனில் படம் காட்டினார். பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு ரொம்பப் பிடித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே கரையிலிருந்து கப்பலில் போனவர்களைப் பற்றி எட்டாம் வகுப்பில் சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்குள் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னார். 1659லிருந்து 1661 வரை தஞ்சைச் சீமையில் பிஜப்பூர்ப் படையெடுப்பும் பெரும் பஞ்சமும். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களைக் கம்பெனி வாங்கியது. அந்தச் சில வருஷங்களில் மட்டும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அடிமைகளாகப் போனார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. எட்டாயிரம் என்றால் எவ்வளவு? நம்ம வகுப்பு மாதிரி இருநூற்றைம்பதுக்கும் மேல் வகுப்பு என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

"அவங்க பேரு என்ன டீச்சர்?" என்றது ஒரு குரல்.

பெயர்கள் கிடைப்பது அபூர்வம். கம்பெனி தன் அடிமைகளுக்குப் புதுப் பெயர் வைக்கும். பின்னால் ஊர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். பத்தாவியாவிலும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலும் எழுதப்பட்ட கணக்குகளில் இன்னார், 'சோழமண்டலத்திலிருந்து' என்று முடியும். அப்பன் வைத்த பெயர் கப்பலோடு சரி. வகுப்பு அமைதியாக இருந்தது. அன்றைக்கு மணி அடித்ததும் யாரும் ஓடவில்லை என்று ஆசிரியை பின்னால் சக ஆசிரியரிடம் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாமோ என்ற சந்தேகம் அவருக்கு அதற்குப் பிறகும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு நின்றார். பேத்தி பக்கத்தில் நின்றாள். "டீச்சரம்மா பத்திரமெல்லாம் படிப்பாங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க" என்றார்.

பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த முத்திரைத்தாள் நகல். ஆசிரியை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். வடக்கே ஓடை என்றதும் பெரியவர் ஆமாம் என்றார். கிழக்கே பெரிய பாறை. ஆமாம். தெற்கே இன்னார் காடு. அவரு செத்துட்டாருங்க. மேற்கே வண்டித்தடம். ஆமாம். உள்ளே பலா நான்கு என்று இருந்தது. "அஞ்சுங்க" என்று திருத்தினார் பெரியவர்.

அதற்கு மேல் ஒரு வரி இருந்தது. அதில் போக்கியம் என்ற சொல் இல்லை. ஆசிரியை அதைப் படிக்கும் முன் பேத்தி எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்கு இப்போது அந்தச் சொல் தெரியும்.

சேலத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று ஆசிரியை சொன்னார். விலாசம் எழுதிக் கொடுத்தார். பெரியவர் தாளை மறுபடி நாலாக மடித்தார். "அஞ்சு பலாங்க. ஒண்ணை எழுதாம உட்டுட்டாங்க பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எழுதாமல் விட்ட அந்த ஒரு பலாவாவது தனக்கு மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. டச்சுக்காரர் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. பழவேற்காட்டில் இருந்த கோட்டையின் பெயர். ஒரு மார்க். முப்பத்தொரு பேரும் சரியாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சுப் பெண் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், எந்தக் கேள்விக்கும் இல்லாமல், மன்ஹாட்டன் தீவுக்கு ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தாள். நான்கு பக்கமும் தண்ணீர் என்று எல்லை. கொடுப்பவர் லெனாபே மக்கள், வாங்குபவர் ஒல்லாந்தர் கம்பெனி, தொகை அறுபது கில்டர், காலம் ஐந்து வருஷம். மரங்களை எண்ணி எழுத இடம் விட்டிருந்தாள்.

அதற்கு மார்க் போட விடைக்குறிப்பில் இடமில்லை. ஆசிரியை சிவப்புப் பேனாவால் ஒரு கையெழுத்து மட்டும் போட்டார், சாட்சி கையெழுத்து போடுகிற இடத்தில்.